பெரிய மீனைத் திருப்பி விடுங்கள்: தூண்டிலோடு கடலுக்குப் போகும் எமது இளைஞர்களுக்கு

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட எமது சப்ரகமுவ மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. தேயிலையும் இறப்பரும் இரத்தினக்கல்லும்தான் எமது உலகம். தோட்டப்புறப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கும் நான் கடல் மீனைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம்.

ஆனால் எமது ஊர்களில் அண்மைக் காலமாக ஒரு பழக்கம் வளர்ந்து வருகின்றது. போயா விடுமுறையோடு சனி, ஞாயிறு சேர்ந்து வந்துவிட்டால் இளைஞர்கள் வேன் பிடித்துக்கொண்டு தூண்டில் தடிகளோடு கரையோரத்துக்குக் கிளம்பிவிடுகின்றார்கள். இரத்தினக்கல் வியாபாரத்தால் பேருவளைக்கும் எமக்கும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்பு உண்டு. உறவினர்களும் அங்கே இருக்கின்றார்கள். கெச்சிமலைப் பள்ளிவாசலை அண்டிய பாறைகள், களுத்துறைக் கழிமுகம், பாணந்துறைக் கரை என்று இடங்கள் எல்லோருக்கும் அத்துப்படி. மறுநாள் வட்ஸ்அப் குழுமங்களில் படங்கள் வந்து குவியும். யார் பிடித்தது பெரியது என்பதுதான் பேச்சு.

என் வகுப்பு மாணவர் ஒருவர் தன் நானா பிடித்த கொடுவா மீனின் படத்தைக் காட்டினார். மார்புயரத்துக்கு இருந்தது. "இப்படிப்பட்ட மீனைக் கடலில் விட்டு வைப்பது நல்லது" என்றேன். "ஏன் சேர், ஒரு மீனைப் பிடித்தால் கடல் வற்றிவிடுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குரிய பதிலைப் பெரியவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகின்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். நான் தூண்டில் போடுவதற்கு எதிரானவன் அல்லன். கைத்தொலைபேசியோடு அறைக்குள் கிடக்கும் பிள்ளை, காற்றோட்டமான இடத்தில் பொறுமையோடு உட்கார்ந்திருப்பது நல்லதே. கடல் உணவு எமக்கு ஹலாலாக்கப்பட்ட ஒன்று. கேள்வி எப்படிப் பிடிக்கின்றோம், எதைப் பிடிக்கின்றோம், எவ்வளவு பிடிக்கின்றோம் என்பதுதான்.

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2012 இல் பொழுதுபோக்கு மீன்பிடிக்கென்றே தனி வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. தன் உணவுத் தேவைக்கு முதன்மையாகத் தங்கியிராத, பொதுவாகச் சந்தையில் விற்காத மீன்பிடியையே அது பொழுதுபோக்கு மீன்பிடி என்கின்றது. இந்த வரைவிலக்கணம் முக்கியமானது. கடற்றொழிலாளிக்குக் கடல் அடுப்பு எரிவதற்கான வழி. எமக்கு அது விடுமுறை நாள் மகிழ்ச்சி. எமது மகிழ்ச்சி அவருடைய பிழைப்பில் கை வைக்கக் கூடாது.

"ஆயிரக்கணக்கான படகுகள் வலை வீசும்போது எங்கள் ஒரு தூண்டில் என்ன செய்துவிடும்?" என்று கேட்பார்கள். உலகெங்கும் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுபவர்கள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4,700 கோடி மீன்களைப் பிடிக்கின்றார்கள் என்று 2004 இல் விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் திருப்பி விடப்படுகின்றது என்பதும் அதே மதிப்பீடு. தனியொருவரின் தூண்டில் சிறியது. ஆனால் தூண்டில்கள் சேர்ந்தால் அது சிறிய விடயமல்ல.

அதே 2004 இல் ஐக்கிய அமெரிக்காவின் கடல் மீன்பிடி தொடர்பில் ஓர் ஆய்வு வெளியானது. நாட்டின் மொத்தக் கடல் மீன் பிடிப்பில் பொழுதுபோக்குக்காரர்களின் பங்கு 4 சதவீதமே. ஆனால் எண்ணிக்கை குறைந்து கவலைக்குரிய நிலையில் இருந்த மீன் இனங்களை மாத்திரம் எடுத்துப் பார்த்தால் அவர்களின் பங்கு 23 சதவீதம். மெக்சிக்கோ வளைகுடாவில் அது 64 சதவீதம். இதற்குக் காரணம் எளிதானது. வலைக்குள் சூடை, சாளை போன்ற சிறு மீன்கள்தான் தொன் கணக்கில் விழுகின்றன. தூண்டில் போடுபவரோ கரையோரப் பாறைகளிலும் கழிமுகங்களிலும் வாழும் பெரிய வேட்டை மீன்களைத் தேடிப் போகின்றார். பாரை, கொடுவா, கலவாய், செம்பல்லி என்று அவர் விரும்பும் மீன்கள் எண்ணிக்கையில் குறைந்தவை.

இனி அந்த மாணவரின் கேள்விக்கு நேரடியாக வருகின்றேன்.

கொடுவா மீனை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்களச் சகோதரர்கள் மோதா என்று அழைப்பது இதைத்தான். இந்த மீன் ஆணாகவே முதிர்ச்சி அடைகின்றது. சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து, நன்கு வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுகின்றது. இடத்துக்கு இடம் அளவு மாறினாலும், பொதுவாக 80 சென்றிமீற்றரைத் தாண்டிய கொடுவாக்களில்தான் பெண் மீன்களை அதிகம் காணலாம். அப்படியானால் பெரிய கொடுவாக்களையே தேடித்தேடிப் பிடிப்பதன் பொருள் என்ன? முட்டையிடும் தாய் மீன்களை மாத்திரம் பொறுக்கி எடுக்கின்றோம் என்பதுதான். கலவாய் இனத்தில் இது தலைகீழாக நடக்கின்றது. அவற்றில் பல பெண்ணாக முதிர்ந்து, பெரிதான பின் ஆணாகின்றன. அங்கே பெரியவற்றை அள்ளினால் ஆண் மீன்கள் அருகிவிடும்.

பால் மாறாத மீன்களிலும் பெரிய தாய்க்குத் தனி மதிப்பு உண்டு. செம்பல்லி வகையைச் சேர்ந்த ஒரு மீனில் செய்யப்பட்ட கணக்கு ஒன்றை நான் வகுப்பில் சொல்வதுண்டு. 61 சென்றிமீற்றர் நீளமான ஒரே ஒரு பெண் மீன் இடும் முட்டைகளுக்கு ஈடாக, 42 சென்றிமீற்றர் நீளமான 212 பெண் மீன்கள் முட்டையிட வேண்டும். நீளம் ஒன்றரை மடங்குதான் வேறுபடுகின்றது. முட்டையோ இருநூறு மடங்கு! எனவே ஒரு பெரிய மீனைப் பிடித்தால் கடல் வற்றாது. ஆனால் ஒரு பெரிய குடும்பம் அற்றுப்போகலாம்.

மீன்வளத்தை நிர்வகிப்பவர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் கருவிகளில் மூன்று முக்கியமானவை. அளவு, காலம், எண்ணிக்கை.

அளவு என்பது இதைவிடச் சிறியதைப் பிடிக்காதே என்ற கட்டுப்பாடு. ஒரு முறையாவது இனம்பெருக்க விடுவதே அதன் நோக்கம். கொடுவாவுக்குப் பெயர்பெற்ற அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்றிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவையும் வைத்திருக்க முடியாது, 120 சென்றிமீற்றரைத் தாண்டியதையும் வைத்திருக்க முடியாது. நடுத்தர மீன் மனிதனுக்கு, குஞ்சும் தாயும் கடலுக்கு என்பதுதான் அந்தப் பங்கீடு.

காலம் என்பது இனப்பெருக்கப் பருவத்தில் பிடிக்காமல் விடுவது. அயலில் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. எமது நாட்டில் சிங்க இறாலுக்குப் பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் ஆகிய மூன்று மாதங்கள் தடைக்காலம். முட்டை சுமந்த சிங்க இறாலை எக்காலத்திலும் பிடிக்கக் கூடாது.

எண்ணிக்கை என்பது ஒருவர் ஒரு நாளில் இத்தனை மீனுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற எல்லை. தூண்டில்காரருக்கு மிகக் கடினமானது இதுதான். மீன் கடிக்காத நாளில் எல்லோரும் பொறுமைசாலிகள். அடுத்தடுத்து கடிக்கும் நாளில் நிறுத்துவதுதான் சோதனை.

இவ்விடத்தில் நாம் சிறு வயது முதல் மத்ரஸாவில் கேட்டு வளர்ந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வருகின்றது. கடற்கரை ஊர் ஒன்றில் வாழ்ந்த மக்களுக்குச் சனிக்கிழமையில் மீன் பிடிப்பது தடுக்கப்பட்டிருந்தது. அந்த நாளில்தான் மீன்கள் கூட்டம் கூட்டமாக நீர்மட்டத்துக்கு வந்தன. ஏனைய நாட்களில் வரவில்லை. சூரா அல்-அஃராஃபின் 163 ஆவது வசனம் முதல் இதைக் காணலாம். வெள்ளிக்கிழமை வலையைப் போட்டு வைத்து ஞாயிறன்று எடுத்துக்கொண்ட தந்திரத்தைத் தஃப்சீர்கள் விளக்குகின்றன. அது கட்டுப்படுதலுக்கான சோதனை. மீன்வளப் பாதுகாப்புச் சட்டம் என்று அதை நான் சொல்ல வரவில்லை. ஆனால் மீன் பிடிப்பவரின் மனம் எங்கே வழுக்கும் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இன்றும் பல மீன்கள் முட்டையிடும் பருவத்தில்தான் ஓரிடத்தில் பெருங்கூட்டமாகச் சேர்கின்றன. தடை எந்த நாளுக்குத் தேவையோ அந்த நாளில்தான் மீனும் அதிகம். அந்த ஊரில் வரம்பு மீறியவர்கள், தடுத்து எச்சரித்தவர்கள், "இவர்களுக்கு ஏன் உபதேசம்?" என்று கேட்டு ஒதுங்கியவர்கள் என மூன்று சாரார் இருந்ததையும் மறந்துவிடக் கூடாது.

கட்டுப்பாடு பலன் தருமா என்பதற்கு அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு நல்ல உதாரணம் இருக்கின்றது. அங்கே தூண்டில்காரர்களின் செல்லப்பிள்ளை கோடு போட்ட பாஸ் மீன். கடலில் வாழ்ந்து ஆறுகளில் முட்டையிடும் இந்த மீன் 1970களின் இறுதியில் பெருமளவு குறைந்துபோனது. 1984 இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. மேரிலாந்து மாநிலம் 1985 முதல் 1990 வரை பிடிப்பதை முற்றாக நிறுத்தியது. 1995 இல் இந்த மீன் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. 2019 இல் வெளியான மதிப்பீடு, இந்த மீன் மீண்டும் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்றது. இம்முறை பெரும்பங்கு தூண்டில்காரர்களுடையது. இன்னொரு உண்மையும் வெளிவந்தது. திருப்பி விடப்படும் மீன்களில் 100க்கு 9 பின்னர் இறந்துவிடுவதாகக் கணக்கிடுகின்றார்கள். விடப்படும் மீன்கள் கோடிக்கணக்கில் இருந்ததால், 2017 இல் இந்த இனத்தில் ஏற்பட்ட மொத்த இழப்பில் ஏறத்தாழ பாதி இப்படி விட்ட பிறகு செத்தவையே. 2023 இல் 71 முதல் 79 சென்றிமீற்றர் வரையான மீனை மாத்திரமே கடலில் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று எல்லையை இறுக்கினார்கள்.

எனவே "பிடித்து, படம் எடுத்து, விட்டுவிட்டேன்" என்று சொல்வதோடு பொறுப்புத் தீர்வதில்லை. எப்படி விட்டோம் என்பது முக்கியம். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கையும் துணியும் மீனின் உடலில் உள்ள வழுவழுப்பான பாதுகாப்புப் படையை உரித்துவிடும். செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கக் கூடாது. மீன் நீருக்கு வெளியே இருக்கும் நேரம் நாம் மூச்சை அடக்கிக்கொள்ளக்கூடிய நேரத்தைத் தாண்டக் கூடாது. மீன் முள்ளை விழுங்கிவிட்டால் இழுத்துப் பிடுங்காமல் தங்கூசியை வாயருகே வெட்டிவிடுவது நல்லது. வட்ட வடிவத் தூண்டில் முட்கள் பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும் என்பதால் அவை மேலானவை. ஆழமான இடத்திலிருந்து வேகமாக இழுக்கப்பட்ட மீனின் காற்றுப்பை ஊதிவிடும். அதை மேலே விட்டால் மிதந்தே செத்துப்போகும். அத்தகைய இடத்தில் சிறு மீன்களே மாட்டினால் இடத்தை மாற்றுவதே முறை.

விடுவதற்காகவே பிடிப்பது சரியா என்றும் சிலர் கேட்கலாம். சுவிற்சர்லாந்தில் திருப்பி விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதைச் சட்டமே தடுக்கின்றது. உயிரை விளையாட்டுப் பொருளாக்குவதை மார்க்கம் வெறுக்கின்றது என்பதை நாமும் அறிவோம். இதன் மார்க்கச் சட்டத்தை உலமாக்கள்தான் சொல்ல வேண்டும். ஓர் ஆசிரியனாக என் கருத்து இதுதான்: உண்பதற்காகப் பிடியுங்கள், வீட்டுக்குப் போதியது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டுங்கள், சிறியதும் மிகப் பெரியதும் மாட்டினால் கவனமாக விடுங்கள். நூறு மீனைப் பிடித்து நூறையும் விட்டேன் என்பது பெருமையல்ல.

நாட்டுச் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம் வெடிபொருள், நஞ்சு, மயக்கப் பொருட்கள் ஆகியவற்றால் மீன் பிடிப்பதைத் தடை செய்கின்றது. கடலுக்கு மாத்திரமன்றி இலங்கையின் ஆறு, குளங்களுக்கும் இச்சட்டம் பொருந்தும். சாட்டை போன்ற நீண்ட வாலுடைய திரஷர் சுறாவைப் பிடிப்பது 2012 முதல் தடை. இலங்கை அங்கம் வகிக்கும் இந்து சமுத்திர சூரை மீன் ஆணைக்குழுவின் தீர்மானமும், பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுபவர்கள் இந்தச் சுறாவை உயிரோடு விட்டுவிட வேண்டும் என்று அவர்களைக் குறிப்பிட்டே சொல்கின்றது. ஹிக்கடுவையும் திருகோணமலைப் புறாத் தீவும் தேசிய பூங்காக்கள். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் உள்ள அந்தப் பகுதிகளில் வேறு கரைகளில் போல நினைத்தபடி தூண்டில் போட முடியாது.

சரி, கடற்கரைக்கே போகாதவர்களுக்கு இதில் என்ன பங்கு? களுகங்கையும் களனி கங்கையும் ஆதம் மலைப் பகுதியில்தான் பிறக்கின்றன. களுகங்கை இரத்தினபுரியைக் கடந்து 129 கிலோமீற்றர் ஓடிக் களுத்துறையில் கடலைச் சேர்கின்றது. களனி கங்கை கித்துல்கலை, யட்டியாந்தோட்டை வழியாகக் கேகாலை மாவட்டத்தைக் கடந்து மட்டக்குளியில் கலக்கின்றது. கொடுவா கழிமுகத்தில் முட்டையிட, அதன் குஞ்சுகள் களப்பிலும் ஆற்றிலும் வளர்கின்றன. எமது ஆறுகளில் வாழும் விலாங்கு முட்டையிட ஆழ்கடலுக்குப் போகின்றது. அதன் குஞ்சுகள் மீண்டும் ஆற்றை நாடி வருகின்றன. ஆற்று இறால்களில் பலவற்றின் குஞ்சுகள் உவர் நீர் இல்லாமல் பிழைக்கமாட்டா. மீனுக்கு மலை வேறு கடல் வேறு என்ற கணக்கு இல்லை.

ஆகவே மூடாமல் விட்ட மாணிக்கக் குழியின் மண் மழையில் கரைந்து கங்கையைக் கலக்கும்போது கழிமுகத்து மீன் நாற்றங்காலும் கலங்குகின்றது. தோண்டிய குழியை மூட வேண்டும் என்பது இரத்தினக்கல் அகழ்வு அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனை என்பதை இத்தொழிலில் உள்ள எமது முதலாளிமார் அறிவார்கள். தோட்டத்தில் தெளிக்கும் மருந்து, ஓடையில் கழுவும் தெளிகருவி, கல்லுடைக்கும் வெடியை ஆற்றில் போட்டு மீன் அள்ளும் கயமை, எல்லாவற்றின் விளைவும் கீழே போய்ச் சேர்கின்றது. திரும்பி எம்மிடமே வருகின்றது. காலையில் ஹோன் அடித்துக்கொண்டு லயத்துக்கு வரும் மீன்காரரிடம் விலையைக் கேட்டுவிட்டு, வாங்காமல் உள்ளே போகும் தாய்மாரை நான் அடிக்கடி காண்கின்றேன். கரையோரத்தில் மீன் குறைந்தால் முதலில் வெறுமையாவது இவர்களின் சட்டிதான்.

அரசாங்கம் எல்லாவற்றையும் செய்யட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நீர்கொழும்புக் களப்பில் கட்டுதெல் எனப்படும் வலைகளால் இறால் பிடிக்கும் கத்தோலிக்க மீனவர்கள், தேவாலயத்தோடு இணைந்த சங்கங்கள் மூலம் தமக்குள் விதி வகுத்துக்கொண்டவர்கள். யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கின்றார்கள். தலைமுறைகளாக நடந்து வந்த அந்த ஒழுங்கைப் பின்னர் அரசும் ஒழுங்குவிதியாக ஏற்றுக்கொண்டது. வழிபாட்டுத் தலத்தைச் சுற்றி வாழும் சமூகத்தால் அது முடிந்திருக்கின்றது என்றால் எம்மாலும் முடியும்.

எமது பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் இளைஞர் கழகங்களுக்கும் சில யோசனைகள். பயணம் போகும் குழு, ஆளுக்கு எத்தனை மீன் என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடிவு செய்யட்டும். மீன் கடிக்கத் தொடங்கிய பிறகு பேசினால் முடிவு வராது. பிடித்த மீனை விற்க வேண்டாம். அது அந்தக் கரையின் தொழிலாளியின் சந்தை. அறுந்த தங்கூசியையும் பொலித்தீனையும் கரையில் போடாமல் கொண்டு வாருங்கள். போகும் இடத்தில் உள்ள மீனவர்களிடம் இது எந்த மீனின் பருவம் என்று கேளுங்கள், அவர்கள் சொன்னால் தூண்டிலைச் சுருட்டுங்கள். வட்ஸ்அப் குழுமங்களில் பெரிய மீனைப் பாராட்டுவதுபோல, பெரிய மீனை விட்டவரையும் பாராட்டுங்கள். ஜும்ஆ குத்பாக்களில் வீண்விரயம் பற்றிப் பேசும் ஆலிம்கள் ஆற்றையும் கடலையும் இடைக்கிடை நினைவூட்டினால் நாம் சொல்வதைவிட அது பத்து மடங்கு பயன் தரும்.

கடற்றொழில் திணைக்களத்திடமும் ஒரு வேண்டுகோள். எமது பக்கத்திலிருந்து போகும் எந்தத் தூண்டில்காரரின் கையிலும் ஓர் அளவுப் பட்டியலை நான் கண்டதில்லை. எந்த மீன், எந்த அளவு, எந்த மாதம் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் அச்சிட்டு, தூண்டில் சாமான் விற்கும் கடைகளில் ஒட்டினாலே பெரிய மாற்றம் வரும்.

அதுவரை நாமே ஒன்றைச் செய்யலாம். தூண்டில் தடியின் அடிப்பகுதியில் 58 சென்றிமீற்றரிலும் 80 சென்றிமீற்றரிலும் நிறச்சாயத்தால் இரண்டு கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். இது சட்டம் விதித்த அளவல்ல, கொடுவாவுக்காக நாமே வைத்துக்கொள்ளும் எல்லை. முதல் கோட்டை எட்டாததையும் இரண்டாவது கோட்டைத் தாண்டியதையும் கடலுக்கே விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள மீன் ஒரு குடும்பத்தின் இரவுச் சாப்பாட்டுக்குத் தாராளமாகப் போதும்.